மருத்துவக் காப்பீடு (இந்தியா)

முன்கூட்டியே செலுத்தும் பிரீமியத்துக்கு ஈடாக மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஏற்பாடு. விடுதலைக்குப் பின் தொழிலாளர்களுக்கே இது முதலில் பரவலாகக் கிடைத்தது: 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டம் 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. பொதுமக்களுக்கான மெடிகிளெய்ம் பாலிசி 1986இல் வந்தது.

தனிநபர் பாலிசியில் ஒவ்வொருவருக்கும் தனித் தொகை உண்டு. ஃபேமிலி ஃப்ளோட்டரில் ஒரே தொகையைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். மூத்த உறுப்பினரின் வயதை வைத்தே பெரும்பாலும் பிரீமியம் ஏறுவதால், முதிய பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுப்பதே நல்லது. நிறுவனம் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. தீவிர நோய்ப் பாலிசி, புற்றுநோய், பக்கவாதம் போன்றவை உறுதியானால் பில் தொகையைப் பாராமல் குறித்த பணத்தை மொத்தமாகத் தரும்.

பலரும் குழம்பும் இடம், குறித்த வரம்புக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்கும் டாப்-அப் பாலிசி. வரம்பு 5 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஓராண்டில் இருமுறை தலா 4 லட்சம் செலவானால் சாதாரண டாப்-அப் எதுவும் தராது. ஒவ்வொரு சிகிச்சையையும் அது தனித்தனியே பார்க்கிறது. ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்க்கும் சூப்பர் டாப்-அப் 3 லட்சம் தரும்.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டும் திட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது; 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் (2018) குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது.

நாமே எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்கும் வரையிலான காத்திருப்புக் காலம் 2024இல் அதிகபட்சம் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.