தந்தி முதல் கூகுள் டிரைவ் வரை: சாவி யாரிடம்?

1850களில் ஓ'ஷாக்னசி இந்தியாவில் தந்திக் கம்பி போட்டபோது கல்கத்தா, பம்பாய், சென்னையோடு சின்ன மலையூரான ஊட்டிக்கும் அது வந்தது. 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியே நீலகிரியில் வந்து தங்கியிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

தந்தியில் ஒரு சங்கடம். கடிதத்துக்கு உறை உண்டு. தந்தியை இடையிலுள்ள ஊழியர் படித்தே ஆகவேண்டும். அதனால் வணிகர்கள் சங்கேதச் சொல் புத்தகங்களை வைத்துக்கொண்டார்கள். ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல். ரகசியமும் ஆச்சு, காசும் மிச்சம். (காசுதான் பெரிதாக இருந்திருக்கும்.) தந்தியை இடைமறிக்கும் அதிகாரத்தை 1885ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குத் தந்தது.

இன்று குன்னூர்த் தேயிலை வியாபாரி கணக்குக் கோப்பை கூகுள் டிரைவில் போட்டாலும் அதே சங்கடம்தான். நிறுவனம் கோப்பைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் சாவியும் பொதுவாக அதனிடமே இருக்கிறது. வெராகிரிப்ட், கிரிப்டோமேட்டர் போன்ற மென்பொருள்கள், கோப்பு ஏறும் முன்பே அவருடைய கணினியிலேயே மறையாக்கம் செய்துவிடுகின்றன. கடவுச்சொல்லை மறந்தாலோ, கணக்கு போனது போனதுதான்!

மறையாக்கத்தை நீக்கித் தரச் சொல்லும் அதிகாரம், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் வந்த வரைவுக் கொள்கை இன்னும் மேலே போய், பூட்டிய தகவலின் பூட்டாத நகலைக் குடிமக்களும் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. அப்புறம் பூட்டு எதற்கு? எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. 69ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.