பாஸ்டனில் வழுக்கியவனுக்குக் கடலூரில் வந்த கேள்வி

இந்த எபிசோடை என் வலது மணிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷம் முன்னாடி ஆன்சைட் வேலைக்காக பாஸ்டன் பக்கம் போயிருந்தேன். ஜனவரி மாசம், காலை நேரம், ஆபீஸ் கார் பார்க்கிங். தரை சும்மா ஈரமாகத்தான் தெரிந்தது. காரிலிருந்து இறங்கிக் காலை வைத்தேன், அடுத்த நொடி மல்லாந்து கிடந்தேன். சிதம்பரத்துப் பையனுக்கு பிளாக் ஐஸ் பற்றி என்ன தெரியும்? பகலில் உருகிய பனி ராத்திரியில் கண்ணாடி மாதிரி மறுபடி உறையும். அடியிலிருக்கும் கருப்புத் தார் அப்படியே தெரியும். அதனால்தான் அந்தப் பெயர்.

கட்டுப் போட்ட கையோடு படிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கும் நமக்கும் ஒரு பழைய ஐஸ் கணக்கு இருக்கு.

ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் டஸ்கனி என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு 180 டன் கிளம்பியது. நாலு மாசப் பயணம். சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. 1842இல் மெட்ராஸ் கடற்கரையில் அந்த ஐஸை வைக்கக் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கே வழியை அடைக்கிற தொல்லை, இங்கே வெள்ளைக்கார துரைமாரின் கிளாஸில் ஆடம்பரம்!

பிறகு இயந்திரத்திலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்தார்கள், கப்பல் வியாபாரம் படுத்தது. கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் போனால் ஐஸ் பேக்டரிகளைப் பார்க்கலாம். ஐஸ் பார் செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கு. பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர். அமோனியா அதைப் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர வைக்கும், ஆனால் உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டின்களை இறக்கினால், டின்னில் இருப்பது மட்டும் உறைந்து கட்டியாகும். பாஸ்டன் பார்க்கிங்கில் உப்பைத் தூவுவதும் இதே விஞ்ஞானம்தான். இங்கே ஐஸ் செய்ய உதவுற உப்பு, அங்கே ஐஸைக் கரைக்குது. அதுவும் ஓரளவுக்குத்தான்: மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பின் வேகம் ரொம்பக் குறைந்துவிடும், மணல்தான் போடணும்.

சரி, உப்பை யார் தூவணும்? இதுதான் நிஜமான கேள்வி. நூறு வருஷத்துக்கும் மேலாக மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருந்தன: இயற்கையாகச் சேர்ந்த பனியில் யாராவது வழுக்கினால் இடத்துக்காரர் பொறுப்பில்லை. 2002 டிசம்பரில் டான்வர்ஸ் என்ற ஊரில், டார்கெட் கடையின் பார்க்கிங்கில் ஒரு வாடிக்கையாளர் ஐஸில் வழுக்கி விழுந்தார். ஒதுக்கி வைத்த பனிக்குவியலிலிருந்து அந்தக் கட்டி விழுந்ததா, இல்லை அதிலிருந்து உருகிய தண்ணீர் மறுபடி உறைந்ததா என்று வழக்கு நீண்டது. 2010 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையையே தூக்கிப் போட்டது. ஐஸ் எப்படி வந்ததோ, இடத்தை நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக வைப்பது இடத்துக்காரரின் கடமை என்றது.

போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது, விடியற்காலையில் கடலூர் துறைமுகத்துக்குப் போனேன். உடைத்த ஐஸ், மீன் செதில், ஓடுகிற தண்ணீர். அந்தத் தரையில் பார்த்துப் பார்த்துதான் அடி எடுத்து வைத்தேன். சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோகும் ஒரு அக்கா தலையில் கூடையோடு வெறுங்காலில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

“அக்கா, இங்க வழுக்கி விழுந்தா யாரு பாப்பா?”

“யாரு பாப்பாங்க தம்பி? நானே எழுந்து மீனப் பொறுக்கிக்க வேண்டியதுதான். செருப்பு போட்டா இன்னும் வழுக்கும்.”

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தரையில் வழுக்கும் பொருள் இருக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. ஐஸ் பேக்டரிக்குள் வேலை செய்தவருக்கு அது சரியாக இருந்தது. ஆனால் இந்த அக்கா யாருக்கும் தொழிலாளி இல்லை. வாங்குகிறார், சுமக்கிறார், விற்கிறார். பேக்டரி கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் அதே ஐஸுக்கு அந்தப் பிரிவு பொருந்தவில்லை.

இத்தனைக்கும் நம் ஊரில் பனியோடு போராட வேண்டியதில்லை. உப்பும் வேண்டாம். சொரசொரப்பான சிமென்ட் தரை, தண்ணீர் ஓட ஒரு சரிவு, அடைக்காத கால்வாய், ஏலம் முடிந்ததும் ஒருமுறை கழுவிவிட ஆள். அவ்வளவுதான்.

என் கதையைச் சொன்னதும் அந்த அக்கா கேட்டார்: “அந்த ஊர்ல விழுந்தா, அவங்க பொறுப்புன்னு கோர்ட்டே சொல்லிச்சா?” ஆமாம் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இங்கயும் யாராச்சும் போய்க் கேக்கணும்ல” என்று சொல்லிவிட்டு, கூடையைச் சரி செய்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

உங்க ஊர் மார்க்கெட்டில் தரை எப்படி இருக்கு, அதை யார் கழுவுறாங்க? விசாரித்துவிட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.