ஃபோர்டு மாடல் ஏ டியூடர் செடான்

ஃபோர்டு மாடல் ஏ டியூடர் செடான், அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் 1927 டிசம்பர் முதல் 1931 வரை விற்ற குடும்பக் கார். இரண்டு கதவு, நிலையான கூரை, நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐந்து பேர் அமரும் இடம் ஆகியவை இதன் அடிப்படை அமைப்பு. மாடல் ஏ வரிசையில் எல்லா உடல் வகைகளும் சேர்ந்து 48 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உலகெங்கும் செய்யப்பட்டன. அவற்றில் மிக அதிகமாக விற்றது டியூடர். புதுப்பிக்கப்பட்டு இன்று விற்பனைக்கு வரும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க செடான்களில் அடிக்கடி கண்ணில் படுபவற்றில் இதுவும் ஒன்று. வண்டிகள் ஏராளம், எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை, இயந்திரமோ எளியது. அன்று இதை மலிவாக்கிய இந்தக் காரணங்களே இன்றும் இதன் புதுப்பிப்புச் செலவையும் விற்பனை விலையையும் தீர்மானிக்கின்றன.

பின்னணி

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி, 1920-களின் நடுவில் பழசாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலெட் கார்கள் வழக்கமான மூன்று கியர் அமைப்போடும் பல வண்ணங்களிலும் வந்தபோது, மாடல் டி-யின் விலைக் குறைப்பு மட்டும் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கப் போதவில்லை. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்ததும் ஹென்றி ஃபோர்டு அதன் உற்பத்தியை நிறுத்தினார். புது வண்டிக்கான இயந்திரங்களும் அச்சுகளும் தயாராகும்வரை பல மாதங்கள் ஆலைகள் முடங்கின. டெட்ராய்ட் வட்டாரத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையின்றி இருந்தனர்.

ஹென்றி ஃபோர்டு எஞ்சினிலும் இயக்க அமைப்பிலும் கவனம் வைத்தார். தோற்றத்தை அவருடைய மகனும் நிறுவனத் தலைவருமான எட்செல் ஃபோர்டு பார்த்துக்கொண்டார். 1922-இல் ஃபோர்டு வாங்கிய லிங்கன் நிறுவனத்தின் சொகுசுக் கார்களுடைய சாயல் மாடல் ஏ-யின் ரேடியேட்டர் முகப்பிலும் உடல் கோடுகளிலும் தெரிவது அவருடைய ரசனையால்தான். யூஜின் ஃபார்காஸ், லாரன்ஸ் ஷெல்ட்ரிக், யோசெஃப் கலாம்ப் ஆகிய பொறியாளர்கள் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றினர். டியர்பார்னில் உள்ள ரிவர் ரூஜ் ஆலையில் 1927 அக்டோபரில் உற்பத்தி தொடங்கியது. டிசம்பர் 2 அன்று கார் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. ரோட்ஸ்டர் 385 டாலர், டியூடர் 495 டாலர், நான்கு கதவு ஃபோர்டார் 570 டாலர் என்று தொடக்க விலைகள் இருந்தன.

உடலமைப்பு

முன்–பின் அச்சுகளுக்கு இடையே 103.5 அங்குலம் (சுமார் 263 செ.மீ.) இடைவெளி கொண்ட எஃகுச் சேசிஸ் எல்லா உடல் வகைகளுக்கும் பொது. டியூடரில் பின் இருக்கைக்குப் போக வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கித்தான் நுழைய வேண்டும். கதவு இரண்டே என்பதால் குழந்தைகள் ஓடும் வண்டியிலிருந்து விழும் அச்சம் குறைவு. விலையும் ஃபோர்டாரைவிடக் குறைவு. குடும்பங்கள் டியூடரை நாடியதற்கு இவை போதுமான காரணங்களாக இருந்தன.

டியூடரின் உடல் பெரும்பாலும் எஃகுத் தகடு. கூரையின் நடுப்பகுதி மட்டும் தகடு அல்ல. மரச் சட்டங்களின் மேல் பஞ்சுத் திணிப்பும் அதன்மேல் நீர் புகாத துணியும் போர்த்தியது. கூரை முழுவதையும் ஒரே தகட்டில் அழுத்தி எடுக்கும் வசதி அந்நாளில் மலிவுக் கார்களுக்கு எட்டவில்லை. பிரிக்ஸ், மர்ரே ஆகிய வெளி நிறுவனங்கள் செய்து தந்த ஃபோர்டார் உடல்களில் மரம் இன்னும் அதிகம். இன்று புதுப்பிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரியது: டியூடருக்கு டிங்கர் வேலை தெரிந்தவர் போதும், ஃபோர்டாருக்குத் தச்சரும் தேவைப்படுவார்.

முன் கண்ணாடி, உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடி. மலிவு விலைக் காரில் இதை வழக்கமான உறுப்பாகக் கொடுத்த முன்னோடிகளில் மாடல் ஏ ஒன்று. பெட்ரோல் தொட்டி பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, ஓட்டுநரின் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது. தொட்டியின் மேல் தகடே காரின் வெளித்தோல். கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் புவியீர்ப்பால் தானே இறங்குவதால் பம்ப் தேவையில்லை. எரிபொருள் அளவைக் காட்டுவதற்கும் மின்சாரம் வேண்டாம். தொட்டிக்குள் மிதக்கும் மிதவை தன் அளவுத் தட்டை டேஷ்போர்டிலேயே சுழற்றிக் காட்டும்.

எஞ்சினும் இயக்கமும்

200.5 கன அங்குலம் (3.3 லிட்டர்) கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் அமைந்திருக்கின்றன. திறன் 40 குதிரைத்திறன். மாடல் டி-யைப் போல இரு மடங்கு. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும் வல்லமை இருந்தாலும் 70 கிலோமீட்டர் அளவில் ஓட்டும்போதுதான் வண்டி நிம்மதியாகப் போகும். அழுத்த விகிதம் 4.2 மட்டுமே என்பதால் தரம் குறைந்த பெட்ரோலிலும் தட்டல் சத்தமின்றி ஓடும்.

கிராங்க் அச்சை மூன்று பேரிங்குகள் தாங்குகின்றன. அவை இன்றைய கார்களைப் போல மாற்றிப் பொருத்தும் ஓடுகள் அல்ல. ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, துளையிட்டுச் சரிசெய்தவை. எண்ணெய் வடிகட்டி கிடையாது. ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியது கட்டாயம். மின் அமைப்பு 6 வோல்ட். பேட்டரியின் நேர்முனை சேசிஸில் இணைகிறது. இன்றைய வழக்குக்கு இது நேர் எதிர் என்பதால், தெரியாமல் பேட்டரியை மாற்றிப் பூட்டுவோர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முன்னும் பின்னும் குறுக்காகப் போட்ட ஒற்றை லீஃப் ஸ்பிரிங், எண்ணெய் நிரப்பிய நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர், நான்கு சக்கரங்களுக்கும் கம்பிகளால் இயங்கும் டிரம் பிரேக் என்பவை மற்ற முக்கிய உறுப்புகள். தொடக்க கால வண்டிகளில் கை பிரேக்கும் கால் பிரேக்கும் ஒரே பட்டைகளை இயக்கின. சில மாநிலங்களின் சட்டம் தனித்தனி பிரேக் அமைப்பைக் கேட்டதால் 1928-இன் நடுவில் கை பிரேக்குக்குத் தனிப் பட்டைகள் வந்தன. ஆரக்கம்பிகள் சக்கர விளிம்போடும் நடுக்குடத்தோடும் பற்றவைக்கப்பட்டிருப்பதால், கோணிய சக்கரத்தைச் சைக்கிள் சக்கரம்போல் ஆரத்தை முறுக்கி நேராக்க முடியாது.

ஓட்டும் முறை

ஸ்டீயரிங் தண்டின் இடப்பக்கக் கம்பி தீப்பொறி நேரத்தையும் வலப்பக்கக் கம்பி எஞ்சின் வேகத்தையும் கட்டுப்படுத்தும். கிளப்புமுன் இடக் கம்பியை மேலே தள்ளித் தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். எஞ்சின் பிடித்ததும் கீழே இறக்க வேண்டும். இதை மறந்து ஹாண்டில் போட்டுச் சுழற்றினால் எஞ்சின் பின்னோக்கி உதைத்துக் கையை முறித்துவிடக்கூடும். செல்ஃப் ஸ்டார்ட்டருக்குத் தரையில் காலால் அழுத்தும் பொத்தான் உண்டு. டேஷ்போர்டின் வலப்புறக் கம்பியை இழுத்தால் சோக் வேலை செய்யும்; அதையே திருகினால் பெட்ரோல் கலவை கூடும் அல்லது குறையும். மூன்று கியர்களிலும் சிங்க்ரோமெஷ் இல்லாததால் கியர் மாற்றும்போது இரண்டு முறை கிளட்ச் மிதிக்கப் பழக வேண்டும்.

ஆண்டுவாரி வேறுபாடுகள்

1928, 1929 வண்டிகளில் 21 அங்குலச் சக்கரங்களும் நிக்கல் முலாம் பூசிய ரேடியேட்டர் முகப்பும் இருக்கும். 1930, 1931 வண்டிகளில் சக்கரம் 19 அங்குலமாகக் குறைந்தது; ரேடியேட்டர் உயர்ந்தது; மட்கார்டுகள் அகன்றன; முலாமுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வந்தது. உற்பத்தியின் தொடக்க காலத்தில் வந்தவற்றில் சிவப்பு ஸ்டீயரிங் சக்கரமும் பல தட்டுக் கிளட்சும் இருந்தன. இவற்றை ஆர்வலர்கள் தனி வகையாகவே தேடுகின்றனர்.

விற்பனையும் போட்டியும்

1929-இல் மாடல் ஏ உற்பத்தி உச்சம் தொட்டது. அந்த ஆண்டில் டியூடர் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். ஆனால் அதே ஆண்டு செவ்ரோலெட் ஆறு சிலிண்டர் எஞ்சினை நான்கு சிலிண்டர் விலையில் கொண்டுவந்தது. 1928-இல் அறிமுகமான பிளிமத் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. 1929 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் மொத்தச் சந்தையும் சுருங்கியது. 1931-இல் செவ்ரோலெட் மீண்டும் முதலிடம் பிடித்தது. 1932-இல் ஃபோர்டு தன் வி-8 எஞ்சின் காரை வெளியிட்டதும் மாடல் ஏ-யின் காலம் முடிந்தது.

பிற நாடுகளில்

வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட வண்டிகளைப் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பல நாடுகளுக்குக் கனடா ஃபோர்டு அனுப்பியது. இந்தியாவில் 1926-இல் தொடங்கிய ஃபோர்டு நிறுவனமும் அந்தக் கனடா நிறுவனத்தின் துணை நிறுவனமே. பிரிட்டனில் சாலை வரி சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்து இருந்ததால், விட்டம் குறைத்த 2 லிட்டர் எஞ்சினோடு மாடல் ஏஎஃப் விற்கப்பட்டது. ஜெர்மனியின் கொலோன் ஆலைக்கு 1930-இல் அடிக்கல் நாட்டியபோது ஹென்றி ஃபோர்டுடன் இருந்தவர், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் சான்சலரான அந்நகர மேயர் கோன்ராட் அடினாவர். 1931-இல் அங்கே மாடல் ஏ உற்பத்தி தொடங்கியது. சோவியத் ஒன்றியம் 1929-இல் ஃபோர்டுடன் செய்த ஒப்பந்தத்தின்படி நீஸ்னி நோவ்கரத் ஆலையில் 1932 முதல் 1936 வரை காஸ்-ஏ என்ற பெயரில் மாடல் ஏ-யைச் செய்தது.

போருக்குப் பின்

1942 பிப்ரவரியில் அமெரிக்கா பொதுமக்களுக்கான கார் உற்பத்தியைப் போருக்காக நிறுத்தியது. போருக்கு முந்தைய கார் என்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சொல்வது அந்த எல்லைக்கு முன் வந்தவற்றை. போர்க்கால இரும்புத் திரட்டலில் பல மாடல் ஏ-க்கள் உருக்கப்பட்டன. தப்பியவை போருக்குப் பின் சில டாலர்களுக்குக் கிடைத்தன. இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, வி-8 எஞ்சின் பொருத்தி ஹாட் ராட் பந்தய வண்டிகளாக்கினர். இதற்கு நேர்மாறாக, ஆலையிலிருந்து வந்தபடியே வண்டியைக் காக்க விரும்பியோர் 1952-இல் மாடல் ஏ ரெஸ்டோரர்ஸ் கிளப்பையும், பின்னர் மாடல் ஏ ஃபோர்டு கிளப் ஆஃப் அமெரிக்காவையும் தொடங்கினர். ஒரு திருகின் பூச்சு எந்த மாதத்தில் மாறியது என்ற அளவுக்கு விவரம் தரும் மதிப்பீட்டுக் கையேட்டை இரு சங்கங்களும் சேர்ந்து வெளியிடுகின்றன.

புதுப்பித்தல்

புதுப்பித்த டியூடர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கையேட்டின்படி ஒவ்வொரு உறுப்பும் அந்தந்த மாதத்து வடிவில் இருக்குமாறு செய்தது. போட்டிக்கும் காட்சிக்கும் உரியது. இரண்டாம் வகை, தோற்றத்தைக் காத்து, ஓட்டத்துக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்தது. ஒயிட் மெட்டலுக்குப் பதில் ஓடு வகைப் பேரிங், ஓவர்டிரைவ், திருப்பக்குறி விளக்கு, இருக்கைப் பட்டி போன்றவை இதில் அடங்கும். 12 வோல்ட் மாற்றமும், பிந்தைய ஃபோர்டு கார்களின் ஹைட்ராலிக் பிரேக்கும் இதே நோக்கில் செய்யப்படுபவைதாம். மூன்றாம் வகை ஹாட் ராட்.

லட்சக்கணக்கில் ஒரே அச்சில் செய்யப்பட்டதால் மட்கார்டு, தரைத் தகடு, கூரைத் துணி, இருக்கை உறை, ரப்பர், ஆணி வரை புதிதாகச் செய்து விற்கும் தொழில் அமெரிக்காவில் தழைத்திருக்கிறது. உதிரிக்காக ஒரு வண்டி பட்டறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நிலை மாடல் ஏ-க்கு அரிது. செலவு வேறிடத்தில் ஏறுகிறது: டிங்கர், பெயிண்ட், ஒயிட் மெட்டல் ஊற்றும் கைத்திறன் ஆகியவற்றின் கூலியில். புதுப்பிப்புக்கு ஆன மொத்தச் செலவு விற்பனையில் திரும்பக் கிடைப்பது கடினம். அதனால் ஓட்டுவதற்கு வாங்குவோர், பிறர் செலவழித்து முடித்த வண்டியையே தேடுகின்றனர்.

விற்பனைச் சந்தையில்

மூடிய உடலுள்ள டியூடர், திறந்த ரோட்ஸ்டரையும் ஃபேட்டனையும்விடப் பொதுவாக விலை குறைவு. அன்று குறைவாக விற்ற திறந்த வகை இன்று அரிது. அதிகம் விற்ற குடும்பக் கார் இன்றும் ஏராளம். உயர்ரகக் கார்களுக்கான அமெரிக்காவின் கிளாசிக் கார் கிளப் தன் பட்டியலில் மாடல் ஏ-யைச் சேர்ப்பதில்லை. இதுவும் விலையை அடக்கிவைக்கும் காரணங்களில் ஒன்று.

உரிமை ஆவணங்களில் பதிவாவது எஞ்சின் எண். அதே எண் சேசிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேலும் பொறிக்கப்பட்டிருக்கிறது; ஆனால் உடலைத் தூக்கினால்தான் அது தெரியும். பல ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருந்தால் ஆவணமும் வண்டியும் ஒத்துப்போகாது. எண்ணை வைத்து உற்பத்தி மாதத்தைக் கண்டறியும் அட்டவணைகள் உள்ளன; விற்பவர் சொல்லும் ஆண்டைச் சரிபார்க்க இதுவே நேர்வழி.

வாங்குபவர் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள வெடிப்பு. சூடேறியபின் பேரிங் தட்டுகிறதா, ஸ்டீயரிங் எவ்வளவு ஆடுகிறது, தொட்டிக்குள் துரு உதிர்கிறதா என்பவை அடுத்தவை. கதவுக்குக் கீழேயும் பின் மட்கார்டு ஓரத்திலும் புதிய பெயிண்டுக்கு அடியில் புட்டி ஒளிந்திருக்கலாம். காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். பிரேக் கம்பிகள் நான்கு சக்கரத்துக்கும் சமமாகச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். ஒரு சக்கரம் முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். மினுக்கும் பெயிண்டைவிட இந்த உறுப்புகளின் நிலையே விலையை நியாயப்படுத்தும். மாடல் ஏ-யில் பெயிண்டும் துணியும் பணம் கொடுத்தால் கிடைப்பவை. நல்ல எஞ்சின் பிளாக்கும் துருவேறாத சேசிஸும் தேடிக் கண்டெடுக்க வேண்டியவை.