திறக்காத போல்ட்: ராஸ் துப்பாக்கியின் கதை

வரலாற்றுத் துறை, 1971-74 அணி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, கல்லூரி நினைவுகளை எழுதப் பலர் இருப்பார்கள், நான் வரலாறு படித்தவன், வரலாறே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். படைகளின் வரலாறு என்றாலே நாம் தளபதிகளையும் தேதிகளையும் படித்தோம். ஒரு சிப்பாயின் கையில் இருந்த துப்பாக்கி திறந்ததா திறக்கவில்லையா என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. முதல் உலகப் போரில் ஒரு நாட்டின் படை முழுவதும் இந்தச் சின்ன விஷயத்தால் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன்.

நம் என்.சி.சி. நண்பர்களுக்கு த்ரீ-நாட்-த்ரீ துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த அந்த லீ-என்ஃபீல்டைத் தோளில் சுமந்தே பாதிப் பேருக்குத் தோள் இறங்கியிருக்கும். சுட்டு முடித்ததும் போல்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலி கோக்கா 'டங்' என்று வெளியே விழும். எண்ணிப் பொறுக்கி ஒப்படைக்கவேண்டும். பிறகு புல்-த்ரூவில் சிந்தித் துணியைக் கோத்து இழு இழு என்று இழுக்கவேண்டும். "கோக்கா உள்ளே சிக்கிச்சுன்னா இது துப்பாக்கி இல்லே தம்பி, வெறும் தடி" என்பார் எங்கள் ஹவில்தார். அவர் சொன்னது எத்தனை பெரிய உண்மை என்பது கனடாக்காரர்களின் கதையைப் படித்தபிறகுதான் முழுசாகப் புரிந்தது.

கோக்கா ஏன் சிக்குகிறது?

தோட்டாவின் உறை பித்தளை. உள்ளே மருந்து எரியும்போது சதுர அங்குலத்துக்கு 18 டன்னுக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து, அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் வெப்ப வாயு சுடுகிறவன் முகத்துக்கு வந்துவிடும். குண்டு குழலைவிட்டுப் போனதும் அழுத்தம் இறங்குகிறது, பித்தளை ஒரு மயிரிழை சுருங்கி எஃகை விடுகிறது. இந்த மயிரிழைதான் எல்லாமே.

அறையில் மண்ணோ துருவோ இருந்தால் உறை விடாது. உறையின் அளவு கொஞ்சம் பெரிதாகவோ, பித்தளை பதமில்லாமலோ இருந்தாலும் விடாது. தொடர்ந்து சுட்டுத் துப்பாக்கி கொதித்துப் போனாலும் இதே கதிதான். உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் தீக்குப்பியில் இருந்த ரசாயனம் எரிந்தபின் உப்பாகப் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு ஏற்றும். வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவச் சொன்னது இந்த உப்பைக் கரைக்கத்தான். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது.

லீ-என்ஃபீல்டில் போல்டின் கைப்பிடியை முதலில் மேலே தூக்கித் திருப்புகிறோம் அல்லவா? அந்தத் திருப்பத்திலேயே ஒரு சரிவு போல்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஒட்டிய உறையை நெம்பி விடுவிக்கிறது. அதற்குப் பிறகு இழுப்பது சுலபம். அறையும் சற்றுத் தாராளமாகக் கடையப்பட்டது. எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவானாலும் விழுங்கித் துப்பிவிடும்.

கனடாவின் சொந்தத் துப்பாக்கி

தென்னாப்பிரிக்கப் போர்க் காலத்தில் கனடாவுக்கு பிரிட்டனிடமிருந்து வேண்டிய துப்பாக்கிகள் கிடைக்கவில்லை. சொந்தமாகச் செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். நியாயமான ஆசைதான். சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு தன் வடிவமைப்போடு வந்தார். கியூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது.

ராஸ் துப்பாக்கியில் கைப்பிடியைத் திருப்ப வேண்டாம். நேராகப் பின்னுக்கு இழுத்தால் போதும், உள்ளே இருக்கும் திருகு வரிகள் போல்டின் தலையைத் தாமே சுழற்றித் திறக்கும். வேகமானது, பார்க்க அழகானது. குழல் 30 அங்குலத்துக்கும் மேல் நீளம். லீ-என்ஃபீல்டில் 25 அங்குலம்தான். குறி தப்பாது. 1911-லும் 1913-லும் இங்கிலாந்தின் பிஸ்லி போட்டியில் மன்னர் பரிசைக் கனடியர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். ராஸுக்குப் பெயரோ பெயர். படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸுக்கு அந்தத் துப்பாக்கி சொந்தப் பிள்ளை மாதிரி.

ஆனால் போட்டி மைதானம் வேறு, பதுங்குகுழி வேறு. மைதானத்தில் துடைத்த துப்பாக்கி, தேர்ந்த தோட்டா, நிதானமான சூடு. நேராக இழுக்கும் அமைப்பில் ஒட்டிய உறையை நெம்பிவிடும் பலம் குறைவு. கையின் வலுவை நம்பித்தான் இழுக்கவேண்டும். அறையும் இறுக்கமான அளவில் கடையப்பட்டது. கனடாவிலேயே செய்த தோட்டாவுக்கு அது பொருந்தியது. போர் அவசரத்தில் பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் கொட்டிய தோட்டாக்களின் அளவோ கூடக் குறைய இருந்தது.

ஈப்ர், ஏப்ரல் 1915

1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பிரெஞ்சு அணிகள் நிலைகுலைந்தன. பக்கத்தில் நின்ற முதலாவது கனடிய டிவிஷன் அந்த ஓட்டையை அடைக்க ஓடியது. 24-ஆம் தேதி செயின்ட் ஜூலியன் அருகே வாயு அவர்கள் மேலேயே வந்தது. ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு நின்று சுட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ராஸ் மறுத்தது. சில தோட்டாக்கள் சுட்டதுமே போல்ட் இறுகிக்கொண்டது. கையால் இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. பூட்ஸ் காலால் உதைத்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்துத் திறந்தார்கள். எதிரி வந்துகொண்டிருக்கும்போது ஒரு குண்டுக்கு ஒரு உதை என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். இறந்துகிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டு ராஸை வீசினார்கள். மே தொடக்கத்தில் டிவிஷன் பின்வாங்கப்பட்டபோது, உயிர் தப்பிய 5,000 காலாட்படையினரில் 1,452 பேர் ராஸை எறிந்துவிட்டு லீ-என்ஃபீல்டோடு நின்றதாக அதிகாரபூர்வக் கணக்கு சொல்கிறது. கட்டளையை மீறித் துப்பாக்கியை மாற்றுவது சின்னக் குற்றமல்ல. அந்த 1,452 பேரும் மனு எழுதவில்லை, கையாலேயே வாக்களித்தார்கள்.

இதே போரில் ஏப்ரல் 26 அன்று நம் லாகூர் டிவிஷனும் எதிர்த்தாக்குதலில் இறங்கியது. ஜமேதார் மீர் தஸ்த் விக்டோரியா கிராஸ் பெற்றது அன்றைய வீரத்துக்காகத்தான். அந்தப் படையினருக்கு 1914-இல் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கியதுமே புது லீ-என்ஃபீல்டுகள் கொடுத்திருந்தார்கள்.

கோளாறு எங்கே?

ஆராய்ந்து பார்த்ததில் காரணம் ஒன்றல்ல. தோட்டா பெரிது, அறை சிறிது என்பது முதல் காரணம். அறைகளை ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் அகலப்படுத்தினார்கள். சேறும் சூடும் இரண்டாவது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க நாளாயிற்று. போல்டை வேகமாகப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் பூட்டு வரி ஒன்று, நிறுத்தும் சின்னத் துண்டின் மீது போய் மோதும். போல்டின் தலை போதிய கடினம் ஏற்றப்படாததால், மோதி மோதி அந்த வரி நசுங்கியது. நசுங்கிய வரி பள்ளத்தில் சரியாக உட்காராது, வெளியே வரவும் வராது. பலம் போட்டு இழுக்க இழுக்க மேலும் நசுங்கியது. அதாவது, சிக்கலை நீக்க அவன் செய்த காரியமே சிக்கலைப் பெரிதாக்கியது! நிறுத்தும் துண்டைப் பெரிதாக்கிச் சரிசெய்தார்கள். அதற்குள் சிப்பாயின் நம்பிக்கை போய்விட்டது.

யார் பேச்சை யார் கேட்டார்?

1915 ஜூனில் முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கொடுக்கப்பட்டது. ஆனால் பின்னால் வந்த கனடிய டிவிஷன்கள் ராஸோடுதான் வந்தன. கனடியப் படைப்பிரிவின் தளபதி ஆல்டர்சன் 1916 தொடக்கத்தில் குறைகளை வரிசையாக எழுதி அனுப்பினார். ஹியூஸ் அதற்குக் காரசாரமாகப் பதில் எழுதி, அந்தப் பதிலைப் பிரதியெடுத்து ஆல்டர்சனுக்குக் கீழே இருந்த அதிகாரிகளுக்கே அனுப்பிவைத்தார். மேலதிகாரியைக் கீழே உள்ளவர்கள் முன் சிறுமைப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த மே மாதத்திலேயே ஆல்டர்சன் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

கடைசியில் தலைமைத் தளபதி ஹெய்க் படையினரிடமே விசாரிக்கச் செய்தார். பெரும்பான்மையோர் ராஸை நம்பவில்லை என்று தெரிந்தது. 1916-க்குள் மற்ற டிவிஷன்களும் லீ-என்ஃபீல்டுக்கு மாறின. அந்த நவம்பரில் பிரதமர் போர்டன் ஹியூஸை விலக்கினார். 1917-இல் அரசு ராஸ் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மறைந்திருந்து குறிபார்க்கும் வீரர்கள் ராஸை விடவில்லை. ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகபோ அதைக்கொண்டே பெரும் பெயர் பெற்றார். தோட்டாவைத் தானே பொறுக்கியெடுத்து, துடைத்து, நிதானமாகச் சுடுகிறவனுக்கு அது அற்புதமான துப்பாக்கி. கருவி கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அவசரத்தில் சேற்றில் நின்று சுடுகிறவனுக்காக அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் அணியிலும் முன்பின் அணிகளிலும் படித்தவர்களில் பலர் கொள்முதல் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர்கள், சிலர் இன்னும் போடுகிறவர்கள். ஆஸ்பத்திரிக்கு இயந்திரம், பள்ளிக்கு மேஜை, பஸ்ஸுக்கு பிரேக் என்று எதுவாகவும் இருக்கலாம். கண்காட்சியில் வாங்கிய மெடலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதை தினமும் கையில் பிடிக்கப்போகிற ஊழியரைக் கூப்பிட்டு, "இது எப்பப்பா சிக்கும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்கிற பதிலையும் கோப்பில் எழுதி வையுங்கள்.