பெயர் நீங்கிய வாசகர்: பரிந்துரைக்கும் கணினியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பிறர் கைகாட்டிய நூலொன்று நம் வாசிப்பின் திசையையே மாற்றிவிடுவதுண்டு. கைகாட்டியவர் ஊர் நூலகத்தின் நூலகராக இருக்கலாம். பள்ளி ஆசிரியராகவோ, பழைய புத்தகக் கடைக்காரராகவோ, சிற்றிதழொன்றின் மதிப்புரையாளராகவோ இருக்கலாம். எவராயினும் அவருடைய சொல்லுக்குள் இருவகை அறிவு கலந்திருக்கும். ஒன்று, அந்நூலை அவர் படித்திருக்கிறார். மற்றொன்று, நம்மை அவர் ஓரளவேனும் அறிந்திருக்கிறார். இவ்விரண்டும் இல்லாதவரின் பரிந்துரையை நாம் பொருட்படுத்துவதில்லை.

இந்த வேலையைக் கணினி ஏற்றுக்கொண்ட வரலாறு அரை நூற்றாண்டை நெருங்குகிறது. அதனை ஆய்வுக் கட்டுரைகளின் வழியே பின்தொடர்ந்தால் ஒரு விந்தை புலப்படுகிறது. மேற்சொன்ன இருவகை அறிவையும் கணினி படிப்படியாகக் கைவிட்டது. நூலைப் பற்றி அறிவதை விட்டது. வாசகரிடம் கேட்பதை விட்டது. முடிவில் வாசகரின் பெயரையும் விட்டது. ஆயினும் அதன் கணிப்பு கூர்மையடைந்துகொண்டே வந்தது. அப்படியானால், பெயர் நீங்கிய அந்த வாசகர் உண்மையிலேயே மறைந்துபோனாரா? இவ்வினாவுக்கு விடை கிடைத்த விதத்தையே இக்கட்டுரையில் காண முயல்கிறோம்.

1979ஆம் ஆண்டு எலைன் ரிச் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 'காக்னிடிவ் சயின்ஸ்' ஆய்விதழில் 'கிரண்டி' என்ற நிரலை விவரித்து எழுதினார். நூலகரைப் போல நாவல்களைப் பரிந்துரைப்பது அந்நிரலின் பணி. புதிதாக வரும் வாசகரிடம், தம்மைப் பற்றிச் சில சொற்கள் கூறும்படி கிரண்டி கேட்கும். அச்சொற்களைக் கொண்டு, தன்னிடமுள்ள வாசக வார்ப்புகளுள் எவை அவருக்குப் பொருந்தும் என்று பார்க்கும். ஒவ்வொரு வார்ப்புக்குள்ளும் பல கூறுகள் உண்டு. வன்முறைச் சித்திரிப்பை இவர் எவ்வளவு பொறுத்துக்கொள்வார், விறுவிறுப்பை நாடுவாரா என்பன போன்றவை அவை. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மதிப்பு, அம்மதிப்பின்மேல் எவ்வளவு உறுதி என்பதற்கு ஓர் எண், அம்முடிவு எதிலிருந்து பெறப்பட்டது என்பதற்கு ஒரு காரணக் குறிப்பு என மூன்றும் பதிவாகியிருக்கும்.

இம்முறையின் குறைகள் வெளிப்படை. மனிதர்களை வார்ப்புகளில் அடைக்கும்போது பிழை நேர்வது இயல்பு. நூல்களின் இயல்புகளையோ ஒவ்வொன்றாக மனிதர்களே எழுதி உள்ளிட வேண்டியிருந்தது. எனினும் கிரண்டியிடம் பின்வந்தவற்றில் அருகிப்போன இரு பண்புகள் இருந்தன. தாம் மதிப்பிடப்படுகிறோம் என்பதை வாசகர் அறிந்திருந்தார். பரிந்துரைத்த நூல் அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் ஏன் என்று கிரண்டி கேட்டது. அவர் சொன்ன விடையைக் கொண்டு தன் கணிப்பைத் திருத்திக்கொண்டது. வாசகர் எதிர்த்துப் பேச அங்கே இடமிருந்தது என்பதை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த அடி நூலகத்தில் எடுத்து வைக்கப்பட்டதன்று. மின்னஞ்சல் பெருக்கில் திணறிய ஓர் ஆய்வு நிலையத்தில் எடுத்து வைக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் டேவிட் கோல்ட்பர்க், டேவிட் நிக்கோல்ஸ், பிரையன் ஓகி, டக்ளஸ் டெர்ரி ஆகிய நால்வர் 'டேப்பஸ்ட்ரி' என்னும் அமைப்பை உருவாக்கினர். அதுபற்றி அவர்கள் 1992 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையே 'கூட்டு வடிகட்டல்' என்னும் கலைச்சொல்லை உலகுக்குத் தந்தது.

தரவு மேலாண்மையின் வரலாற்றிலும் டேப்பஸ்ட்ரிக்கு ஓர் இடமுண்டு. வழக்கமான தரவுத்தளத்தில் தரவு நிலைத்திருக்கும், வினாக்கள் வந்துபோகும். டேப்பஸ்ட்ரியில் வினா நிலைத்திருந்தது. தரவு வந்துகொண்டே இருந்தது. வாசகர் தமக்கு வேண்டியதை ஒருமுறை வினாவாக எழுதி வைத்துவிட்டால், புதிய மடல்கள் சேரச் சேர அவற்றுள் பொருந்துவனவற்றை அமைப்பு தானே எடுத்துத் தரும். அந்த வினாவில் சக ஊழியரின் பெயரையும் சேர்க்கலாம் என்பதே புதுமை. 'இன்னார் மறுமொழி எழுதிய மடல்களை மட்டும் காட்டு', 'இன்னார் நன்று என்று குறித்தவற்றைக் காட்டு' என்றெல்லாம் கேட்க முடிந்தது. கணினி இங்கே நூலகர் ஆசனத்திலிருந்து இறங்கி, ஒருவர் சொல்லை மற்றொருவரிடம் சேர்ப்பிக்கும் தூதராயிற்று. ஆனால் யாருடைய சொல்லை நம்புவது என்பதை வாசகரே தீர்மானித்தார். ஆகவே ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவுக்குள் மட்டுமே இம்முறை செல்லுபடியாயிற்று.

அறிமுகமே இல்லாதவர்களின் சொல்லையும் பயன்படுத்த முடியுமா? 1994இல் இதற்கு இரு இடங்களிலிருந்து விடை வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் ரீட்ல், எம்.ஐ.டி.யின் பால் ரெஸ்னிக் முதலானோர் 'குரூப்லென்ஸ்' என்னும் அமைப்பை யூஸ்நெட் செய்திக் குழுக்களுக்காக வடிவமைத்தனர். படித்த செய்திக்கு வாசகர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். இருவர் பொதுவாகப் படித்தவற்றுக்கு இட்ட மதிப்பெண்கள் எந்த அளவுக்கு ஒன்றையொன்று ஒத்துச் செல்கின்றன என்பதைக் கார்ல் பியர்சன் பெயரால் வழங்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டுச் சொல்லும். நம்மோடு அதிகம் ஒத்துப்போகிறவரின் மதிப்பெண்ணுக்கு அதிக எடை. முரண்படுகிறவரின் மதிப்பெண்ணும் வீணன்று, எதிர்த்திசையில் பயன்படும். அதே ஆண்டு ஜூலையில் எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகத்தில் உபேந்திர ஷர்தானந்தும் பேட்டி மேஸும் 'ரிங்கோ' என்னும் அமைப்பை இயக்கத் தொடங்கினர். இசைக் கலைஞர்களுக்கு மின்னஞ்சல் வழியே மதிப்பெண் அனுப்பினால் அது பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பியது.

இந்தக் கட்டத்தில் இரு மாறுதல்கள் நிகழ்ந்தன. செய்தி எதைப் பற்றியது, இசை எவ்வகைப்பட்டது என்பனவற்றைக் கணினி அறிய வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. அடுத்து, பெயர் தேவையற்றதாயிற்று. குரூப்லென்ஸில் புனைபெயரில் மதிப்பெண் இட்டாலும் கணிப்பின் தரம் குறையாது. ஏனெனில் கணக்குக்கு வேண்டியது மதிப்பெண்களின் வரிசை மட்டுமே. எண்களே ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அன்று இது தனிமையைக் காக்கும் நல்வழியாகவே கருதப்பட்டது.

மதிப்பெண் கேட்பதும் மிகை என்று கடைக்காரர்கள் கருதினர். பார்கோடு வந்தபின் பேரங்காடிகளில் ஒவ்வொரு பற்றுச்சீட்டும் தரவாகச் சேர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்பதைக் காணும் கணக்கினை ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வு மையத்தில் ராகேஷ் அகர்வாலும் உடன் உழைத்தவர்களும் 1993இல் முறைப்படுத்தினர். மறு ஆண்டு அவரும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் வெளியிட்ட 'அப்ரியோரி' நெறிமுறை, ஓர் எளிய உண்மையின்மேல் நின்றது. இரு பொருள்கள் சேர்ந்து விற்பது அரிது என்றால், அவ்விரண்டோடு மூன்றாவதொன்றும் சேர்ந்து விற்பது அதனினும் அரிதாகவே இருக்கும். ஆகவே அதை எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை. இவ்வாறு கழித்துக்கொண்டே போனதால், கைக்கு அடங்காத கணக்கு அடங்குவதாயிற்று.

இணையம் பரவியபோது இந்த அகழ்வுக்கு எல்லையற்ற புதுநிலம் கிடைத்தது. இணையம் புதைசேறா, தங்கச் சுரங்கமா என்று ஓரன் எட்சியோனி 1996இல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார். வலை அகழ்வு என்னும் துறை விரைவில் மூன்றாகக் கிளைத்தது. பக்கங்களின் உள்ளடக்கத்தை ஆராய்வது ஒன்று. பக்கங்களுக்கிடையிலான இணைப்புகளை ஆராய்வது மற்றொன்று. கூகுளின் பேஜ்ரேங்க் முறை இவ்வகையில் தோன்றியது. வருகையாளர் எந்தப் பக்கத்தில் எப்போது நுழைந்தார், அடுத்து எங்கே போனார் என்று வழங்கிகளின் பதிவேடுகளைத் துழாவுவது மூன்றாவது. மூன்றாவது கிளைதான் நம் கதைக்கு உரியது. இங்கே வாசகர் எதுவும் சொல்வதில்லை. அவர் நடந்துசென்ற சுவடே அவர் கூற்றாகக் கொள்ளப்படுகிறது.

அமேசான் புத்தகக் கடை 1998இல் நடைமுறைப்படுத்திய முறை இப்போக்கின் உச்சம் எனலாம். அதன் பொறியாளர்களான கிரெக் லிண்டன், பிரென்ட் ஸ்மித், ஜெரமி யார்க் மூவரும் 2003இல் அதனை விளக்கி எழுதியபோது, கடைக்கு 2 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தனர். ஒருவரோடு ஒத்த சுவையினரை அத்தனை பேருக்குள் தேடிக்கொண்டிருந்தால் பக்கம் திறக்கவே நேரமாகிவிடும். எனவே அவர்கள் அட்டவணையைப் பக்கவாட்டில் திருப்பினர். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதை விட்டு, பொருளுக்குப் பொருள் ஒப்பிட்டனர். இந்நூலை வாங்கியவர்கள் வேறு எந்நூல்களை வாங்கினர் என்னும் பட்டியலை முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் வந்ததும் எடுத்துக் காட்டினால் போதும். வாசகர் இங்கே நூல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இழையாக மட்டுமே எஞ்சினார்.

2006 அக்டோபர் 2ஆம் நாள் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. அந்நாளில் அது திரைப்பட வட்டுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பும் நிறுவனம். தன் கணிப்பு முறையின் பிழையை 10 விழுக்காடு குறைப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்றது. போட்டிக்காக அது வெளியிட்ட தரவில் 4,80,189 பேர் 17,770 படங்களுக்கு இட்ட 10 கோடிக்கும் அதிகமான மதிப்பெண்கள் தேதியுடன் இருந்தன. பெயர்கள் நீக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டும் தரப்பட்டிருந்தது. அத்துணைப் பெரிய தரவு அதற்குமுன் பல்கலைக்கழக ஆய்வாளர் கைக்குக் கிட்டியதில்லை.

இப்போட்டியில் செல்வாக்குப் பெற்ற முறையை எளிமையாகச் சொல்லிப் பார்ப்போம். ஒவ்வொரு பார்வையாளரையும் சில பத்து எண்களின் வரிசையாகக் கொள்வது. ஒவ்வொரு படத்தையும் அவ்வாறே கொள்வது. இரு வரிசைகளும் பொருந்தும் அளவே கணிக்கப்படும் மதிப்பெண். அந்த எண்கள் எவையெவை என்பதைத் தரவிலிருந்து கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும். கிரண்டியின் கூறுகள் திரும்பி வந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றும். ஆனால் கிரண்டியின் கூறுகளுக்குப் பெயர் இருந்தது, காரணக் குறிப்பு இருந்தது. இவற்றுக்கு இரண்டும் இல்லை. காரணம் சொல்லாத ஒன்றோடு வாசகர் எங்ஙனம் வாதிடுவது?

2009 செப்டம்பரில் 'பெல்கோர்ஸ் பிராக்மாடிக் கேயாஸ்' என்னும் குழு பரிசை வென்றது. இரண்டாவது வந்த குழுவும் அதே அளவு முன்னேற்றத்தை எட்டியிருந்தது. தன் விடையை 20 நிமிடம் தாமதமாக அனுப்பியதால் தோற்றது. பல முறைகளைக் கலந்து அமைத்த அந்த இறுதி விடையை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை என்று 2012இல் நெட்ஃப்ளிக்ஸ் தெரிவித்தது. கிடைத்த கூடுதல் துல்லியம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகவில்லை என்பது அது சொன்ன காரணம்.

ஆனால் அப்போட்டியின் தலையாய முடிவு பரிசுப் பட்டியலுக்கு வெளியே கிடைத்தது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று சென்ற அரவிந்த் நாராயணனும் அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அத்தரவை வேறொரு கண்ணால் பார்த்தனர். 2008இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: ஒருவர் மதிப்பெண் இட்ட 8 படங்களும், 14 நாள் முன்பின்னாக அவற்றின் தேதிகளும் தெரிந்தால் போதும், அவற்றுள் 2 மதிப்பெண்கள் முற்றிலும் தவறாக இருந்தாலும் கூட, 100 பதிவுகளில் 99ஐத் தனித்து இனங்காண முடியும். திரைப்படத் தகவல் தளமான ஐ.எம்.டி.பி.யில் சிலர் வெளிப்படையாக எழுதிய மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, பெயரற்ற பதிவுகள் இரண்டு எவருடையவை என்பதையும் அவர்கள் கண்டறிந்து காட்டினர்.

காரணத்தை ஆராய்ந்தால் அது எளியது. எல்லோரும் பார்த்த படம் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவர் பட்டியலிலும் பிறர் அதிகம் தொடாத சில படங்கள் இருக்கும். அவற்றின் சேர்க்கை இன்னொருவருக்கு அமைவது அரிது. பரிந்துரைக் கணக்கைக் கூர்மையாக்குவது எதுவோ, அதுவே ஆளையும் அடையாளம் காட்டியது. பெயரை நீக்கிய பின்னும் சுவை எஞ்சியிருந்தது. சுவையே பெயராக நின்றது.

இதன் பொருளை அமெரிக்கச் சட்டம் முன்பே ஒருவாறு உணர்ந்திருந்தது. 1987இல் உச்ச நீதிமன்றப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் என்பவரின் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாக்களின் பட்டியலை வாஷிங்டன் வார இதழ் ஒன்று வெளியிட்டது. அதில் அவதூறுக்கு இடமான எதுவும் இல்லை. ஆயினும் மறு ஆண்டே, வாடகைப் பட்டியலை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 2009 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் மீது வழக்குத் தொடுத்தோர் இச்சட்டத்தையே முன்வைத்தனர். அவர்களுள் ஒருவர், தம் பாலீர்ப்பை வெளியே சொல்லாத ஒரு தாய். தாம் பார்த்த படங்கள் அதனைச் சொல்லிவிடும் என்பது அவருடைய அச்சம். 2010 மார்ச்சில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பார்வையாளரின் வயது, பாலினம், அஞ்சல் எண் ஆகியவற்றையும் சேர்த்து நடத்தவிருந்த இரண்டாவது போட்டியை நிறுவனம் கைவிட்டது.

இவ்வரலாற்றை வெறும் எச்சரிக்கைக் கதையாகச் சுருக்குவது நியாயமாகாது. அறியாத நூலை அறியாத வாசகரிடம் சேர்ப்பது நற்பணி. திறந்த தரவின்றி அத்துறை வளர்ந்திருக்காது. நெட்ஃப்ளிக்ஸின் தரவில் ஒளிந்திருந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததும் அது திறந்து வைக்கப்பட்டதால்தான். மறுத்துப் பேசும் உரிமை வாசகரிடமிருந்து எப்போது நழுவியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. சுவடு கூற்றாகக் கொள்ளப்பட்ட நாளிலிருந்து என்பதே நம் விடை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சேவைகள் சட்டம், பரிந்துரைகள் எந்த அளவுகோல்களின்படி அமைகின்றன என்பதை இணையத் தளங்கள் எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. மிகப் பெரிய தளங்கள், ஆளின் சுவடுகளைப் பின்பற்றாத மாற்றுவழி ஒன்றையேனும் தர வேண்டும் என்றும் பணிக்கிறது. காரணத்தைச் சொல், மறுக்க இடம் கொடு என்பதே இதன் சாரம். 1979இல் ஒரு சிறு நிரல் தானே முன்வந்து செய்ததை, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டம் போட்டுக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.