திருவொற்றியூர்ப் புல்லட்: புதியதிலிருந்து பழையதற்கு

திருவொற்றியூர் என்றதும் இலக்கியம் படித்தவர்களுக்குச் சுந்தரரும் சங்கிலியாரும் மகிழடிச் சத்தியமும் நினைவுக்கு வரக்கூடும். பட்டினத்தார் அடங்கிய தலம் என்பது அடுத்து வரும். இயந்திரங்களில் ஈடுபாடு கொண்டோருக்கு அவ்வூர் வேறொரு வகையில் தலம். 1956 தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புல்லட் என்னும் மோட்டார் சைக்கிள் உருவாகி வந்த ஊர் அது. சைவ வரலாற்றில் ஊர்களுக்கு உரிய இடத்தை நாம் அறிவோம். தொழில் வரலாற்றில் நம் ஊர்களுக்கு உரிய இடத்தைத்தான் எழுதி வைக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஆறாண்டுக் காலம் நாம் நெடும்பயணம் போனது ஹிமாலயன் என்ற வண்டியில். நெடும்பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டு 2016இல் வெளிவந்த வண்டி அது. 411 சிசி எஞ்சின், 21 அங்குல முன்சக்கரம், 15 லிட்டர் டேங்க், இரு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கொங்கணக் கடற்கரையிலும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் அது எம்மைச் சுமந்தது, ஒருமுறையும் கைவிட்டதில்லை. அதைக் கொடுத்துவிட்டு 1986ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்றை வாங்கியபோது, நண்பர்கள் கேட்ட கேள்வி நியாயமானதே: குறை ஒன்றும் இல்லாத வண்டியை விட்டுவிட்டு, முப்பது ஆண்டுக்கும் மேல் பழைய வேறொரு வண்டிக்கு ஏன் போகவேண்டும்? 'பழமையின் அழகு' என்று விடை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பொய்யான விடை. உண்மையான விடைக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம். என்ஃபீல்டு ஆயுதச்சாலைக்கு உதிரிப்பாகங்கள் செய்து கொடுத்ததால் கிடைத்த பெயர் அது. துப்பாக்கியிலிருந்து வந்த குடும்பப் பெயருக்கு ஏற்ப, 1932இல் ஒரு வண்டிக்குப் புல்லட் என்று பெயரிட்டார்கள். ஆனால் நாம் இன்று புல்லட் என்று அறிவது போருக்குப் பிந்தைய வண்டி. 1948இல் இத்தாலியில் நடந்த ஆறுநாள் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்று, 1949இல் விற்பனைக்கு வந்தது. பின்சக்கரத்துக்கும் சாக் அப்சார்பர் பொருத்தியிருந்தது அன்றைக்குப் புதுமை. அதே 1949இல் சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் இவ்வண்டிகளை இறக்குமதி செய்யத் தொடங்கியது.

திருப்பம் 1952இல் நேர்ந்தது. எல்லைப் பணிக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையே 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கக் காரணமாயிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் கோத்தார்கள். 1957இல் வார்ப்புகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின.

இதன் பிறகு நடந்ததுதான் விந்தை. ரெட்டிச்சில் புல்லட்டை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பின்னர் நிறுத்திவிட்டார்கள். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது; 1970இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. திருவொற்றியூரிலோ 1955ஆம் ஆண்டு வடிவம் அப்படியே தொடர்ந்தது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், தனியே கழற்றக்கூடிய நான்கு கியர் பெட்டி. 1977இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதியாயிற்று. வடமொழியில் மூலம் அழிந்த பௌத்த நூல்கள் திபெத்திய மொழிபெயர்ப்பில் உயிர் பிழைத்து, ஆய்வாளர் வழியாக மீண்டு வந்ததை ஒக்கும் இது.

இப்படி மாறாமல் இருந்தது பண்பாட்டுப் பற்றினால் அன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். 1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் உருவாக்கிய உரிமமுறையில் போட்டி இல்லை; போட்டி இல்லாத இடத்தில் மாற்றத்துக்கு முகாந்திரமும் இல்லை. மைசூரின் ஜாவா, எஸ்டி வண்டிகளும் அந்த வேலிக்குள் வளர்ந்தவையே. எண்ணெய் ஒழுகினாலும் வாங்குவோர் காத்துக் கிடந்தார்கள். ஒரு நுகர்வோராக எண்ணிப் பார்த்தால் அது கொடுமை. ஆனால் அந்தக் கொடுமைக்கு, யாரும் திட்டமிடாத ஒரு விளைவும் உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரே எஞ்சின் ஓடியதால் அதைப் பற்றிய அறிவு ஆலையை விட்டு வெளியேறி நாடெங்கும் பரவியது. இராணுவமும் காவல்துறையும் ஏலம் விட்ட வண்டிகள் பண்ணையாரிடமும் அரிசி ஆலைக்காரரிடமும் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பழுது பார்த்தே ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் ஒரு புல்லட் மெக்கானிக் உருவானார். பள்ளிப் படிப்பு முடிக்காத ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே எந்த டேப்பட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் நிலை வந்தது. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது; அறிவு தமிழிலும் பஞ்சாபியிலும் மலையாளத்திலும் இருந்தது.

நாம் ஹிமாலயனை விட்டு வந்தது இந்த அறிவை நாடித்தான். ஹிமாலயனில் எரிபொருளை அளந்து கொடுப்பது ஒரு சிறு கணினி. ஸ்பிதியின் உயரத்தில் காற்று மெலிந்தால் அதுவே உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்காரர் அங்கே கரும்புகை கக்கும் எஞ்சினோடு போராடி, வண்டியை நிறுத்தி ஜெட்டை மாற்றவேண்டும். வசதி எது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அந்தக் கணினி செய்வது இன்னதென்று ஓட்டுபவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. சிற்றூர் மெக்கானிக்குக்கும் தெரிய வழியில்லை. உரிய கருவியைச் செருகினால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குரிய பாகத்தை மாற்றுவார்கள். ஆறாண்டு ஓட்டியும் அந்த எஞ்சினைப் பற்றி நாம் கற்றது மிகக் குறைவு. உரையோடும் பொழிப்போடும் பாடம் எடுத்துவிட்டு மூலத்தைப் பிரித்துப் பாராத ஆசிரியரின் நிலை. (எம் தொழிலில் இத்தகையோர் குறைவல்லர்.)

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு கல்வி. சாவியைத் திருப்பியதும் அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல மிதித்து வந்தால் ஓரிடத்தில் கால் தடுக்கப்படும். பிஸ்டன் காற்றை அமுக்கி மேலே வந்து நிற்கிறது என்று பொருள். அப்போது இடக்கைப் பக்கமுள்ள டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, உஸ்ஸென்று காற்று வெளியேற, கிக்கரைச் சிறிதளவு மட்டும் கீழே தள்ளவேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும், பாயின்ட் திறந்துவிட்டது. லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீரான உதை. வலிமை தேவையில்லை. முறை தவறி முரட்டுத்தனமாக உதைப்பவரைக் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பிசகியவர்கள் ஊருக்கு நால்வர் இருப்பார்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கால் வழியாகவும் முள் வழியாகவும் அறிந்தால் அன்றி அது உயிர் பெறாது. மின் பொத்தானை அமுக்கிய ஆறாண்டுகளில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

இடமும் வலமும் மாறியதுதான் உண்மையில் ஆபத்தான செய்தி. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில். பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. 1970களின் நடுவில் அமெரிக்கா இடக்கால் கியரைச் சட்டமாக்கியதும் உலகம் அதன் பின்னே போயிற்று. நம் பழைய புல்லட் போகவில்லை. கியர் விழும் வரிசையும் தலைகீழ்: முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கூடவே நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு லீவர். இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரில் இருந்தாலும் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் நியூட்ரல். இதைப்போல் இரக்கமுள்ள கருவி வேறு வண்டியில் கண்டதில்லை. ஆனால் திடீரென்று குறுக்கே ஆடு வந்தால், பழகிய வலக்கால் பிரேக்கைத் தேடிக் கியரை மிதிக்கும். ஆகவே கல்லூரி மைதானத்தில் இரு வாரங்கள் ஓட்டிப் பழகிய பின்னரே சாலைக்கு வந்தோம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியபோது டிரம் பிரேக்கை நம்பாமல், இரண்டாவது கியரில் எஞ்சினின் இழுவையாலேயே வேகத்தை அடக்கி வந்தோம். ஓரி ஆண்ட மலையைக் கண்டு களிக்க அன்று நேரம் கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

பழைய வண்டியைப் புகழ்வோர் இவற்றையெல்லாம் சொல்வதில்லை. ஹிமாலயனின் பிரேக்கோடு ஒப்பிட்டால் புல்லட்டின் பிரேக் ஒரு வேண்டுகோள் மட்டுமே. மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போனால் கைப்பிடியின் அதிர்வில் விரல்கள் மரத்துவிடும். நான்குவழிச் சாலையில் அது லாரிகளுக்கு இடைஞ்சல். எனவே நாம் மாநிலச் சாலைகளுக்கு இறங்கினோம். ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டர் என்றிருந்த கணக்கு 200 ஆயிற்று. 1952இல் சே குவேராவும் ஆல்பெர்டோ கிரானடோவும் 1939ஆம் ஆண்டு நார்ட்டன் ஒன்றில் தென்னமெரிக்கப் பயணம் புறப்பட்டு, சிலியில் வண்டி முற்றாக விழுந்துவிட, மீதி வழியை லாரியிலும் கப்பலிலும் நடந்தும் கடந்த கதை வாசகர்கள் அறிந்ததே. வண்டி போன பிறகே அவர்கள் சுரங்கத் தொழிலாளரையும் தொழுநோயாளரையும் நெருங்கிப் பார்த்தார்கள் என்பது உண்மை. அதற்காக வண்டி கெட்டுப்போவதைத் தத்துவமாக்க நமக்கு விருப்பமில்லை. திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.

புல்லட்டின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984, 85இல் ஜப்பானியக் கூட்டோடு நூறு சிசி வண்டிகள் வந்தன. ஓசூரின் இண்ட் சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா, யமஹா. பாதிப் பெட்ரோலில் ஓடி, ஒழுகாமல் நின்ற அவற்றின் முன் புல்லட் தளர்ந்தது. 1994இல் ஐஷர் நிறுவனம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்கியது. 2000இல், மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது இளைஞரான சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாய் வார்த்த புதிய எஞ்சினோடு கிளாசிக் வண்டி 2009இல் இந்தியாவுக்கு வந்தது. 2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. 2013இல் ஓரகடத்தில் பெரிய ஆலை எழுந்தது. 2023இல் வந்த புல்லட் 350இல் டேங்கின் பொன் கோடுகளும் முகப்பு விளக்கின் மேலுள்ள புலிக்கண் விளக்குகளும் இருக்கின்றன. உள்ளே 72 மில்லிமீட்டர் விட்டமும் 85.8 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட முற்றிலும் வேறான எஞ்சின். நல்ல எஞ்சின்தான். பழைய அச்செழுத்தில் அடித்த புதிய நூல் என்று அதைச் சொல்லலாம். பழைய நூலைப் படித்தோம் என்று அதை வைத்துச் சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவே.

சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவர ஒரு சாமிநாதையர் கிடைத்தார். மெக்கானிக்குகளின் காதில் இருக்கும் அறிவுக்கு அப்படி யாரும் இல்லை. இதுவே எம்மை உறுத்துவது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் அவ்வயதுடைய பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்றத் தடைகள் வந்தன. புகையைக் குறைக்கவேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. வண்டிகள் குறையும்போது அவற்றை அறிந்தவர்களும் குறைகிறார்கள் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எம் வண்டியைப் பார்த்துக்கொள்பவர் கும்பகோணத்துப் பக்கம் ஒரு மெக்கானிக். வயது எழுபதை நெருங்குகிறது. மகன்கள் இருவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பாயின்ட் இடைவெளியை அளக்க அவரிடம் தகட்டுக் கருவி உண்டு, எடுப்பதில்லை. சிகரெட் அட்டைப்பெட்டியின் உள்தாளை மடித்து இடையில் செருகுவார். எஞ்சினை மெதுவாகச் சுற்ற, தாள் நழுவும் இடத்தில் பாயின்ட் திறக்கிறது என்று கணக்கு. "பாத்துக்கிட்டே இருந்தா வராது சார், நீங்க பண்ணுங்க" என்று மூன்றாவது முறை தாளை எம் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இருமுறை தாள் கிழிந்தது; அவர் எழுந்து வரவில்லை. இப்போது அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறோம், அவர் பயன்படுத்தும் சொற்களிலேயே. நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. கியர் பெட்டி இன்னும் தொடங்கவில்லை.