செஞ்சிக் காய்ச்சலும் இயற்கைத் தேர்வும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை முற்றுகைகளுக்குப் பேர்போனது. நோய்க்கும் அது ஒரு காலத்தில் பேர்போனதாகவே இருந்தது. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயர் வசமானது. கர்நாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகவும் ஒவ்வாத இடம் செஞ்சிதான் என்கிறார் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம். ஒரே நேரத்தில் 100 ஐரோப்பியருக்கு மேல் அங்கு வைத்திராத பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுகளில் 1200 பேரை இழந்ததாகக் கூறப்பட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

அந்த நோய் மலேரியாவாக இருக்கலாம். அடித்துச் சொல்ல முடியாது. மலேரியா ஒட்டுண்ணியை லாவரான் கண்டதே 1880-இல்தான். அதற்கு முன் எல்லாமே 'காய்ச்சல்'.

வெளியூர்ப் படைவீரன் மடிந்தான், உள்ளூர்க்காரன் தாங்கினான், இதுவே இயற்கைத் தேர்வு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குழந்தைப் பருவத்தில் மலேரியா பலமுறை தாக்கிப் பிழைத்தவருக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகும். அது வாழ்நாளில் ஈட்டியது, மரபணுவில் ஏறாது. இறந்த பிரெஞ்சு வீரர்களும் செஞ்சி மக்களின் இனக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர்; அவர்கள் இடத்துக்குப் புதிய ஆட்கள் அனுப்பப்பட்டனர், அவ்வளவே. ஒரே இனக்கூட்டத்துக்குள் பிறவியிலேயே ஒரு வேறுபாடு இருந்து, அதை உடையவர்கள் அதிகம் பிழைத்து அதிகப் பிள்ளைகளை விட்டுச் சென்றால்தான் தலைமுறைதோறும் அந்த மரபணுவின் விகிதம் கூடும்.

அப்படிப்பட்ட வேறுபாடு தமிழகத்தில் கண்டறியப்பட்ட இடம் நீலகிரி. லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, கதிர் அரிவாள் பண்பு இருப்பதை 1952-இல் வெளியிட்டனர். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இது காணப்படுகிறது. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. மாறிய மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, கடும் வலியும் சோகையும் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோய் தெரியாது. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். இந்தப் பாதுகாப்பை ஆலிசன் 1954-இல் ஆப்பிரிக்க ஆய்வுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார்.

நீலகிரியின் அடிவாரக் காடுகளும் வயநாட்டுப் பக்கமும் முன்பு மலேரியா மிகுந்தவை. அங்கே ஒற்றை மரபணு உடையவர் அதிகம் பிழைத்தனர். ஆனால் அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோயோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த மரபணு மறையவும் இல்லை, எல்லாரிடமும் பரவவும் இல்லை. இயற்கைத் தேர்வு 'சிறந்ததை' மட்டும் விட்டுவைக்கும் என்ற பள்ளிக்கூட வாய்பாடு இங்கே தடுமாறுகிறது.

செஞ்சி வட்டாரத்திலும் இருளர் வாழ்கின்றனர். பெயர் ஒன்று என்பதற்காக நீலகிரி முடிவை அவர்கள்மேல் ஏற்றிச் சொல்வது தவறு; தலைமுறைகளாக வேறு சூழலில், தனித்தனி மண உறவுகளோடு வாழ்ந்தவர்களைத் தனியே சோதித்தால்தான் தெரியும்.

மலேரியா குறைந்துவிட்ட இடங்களில் பாதுகாப்புக்குத் தேவையில்லை; நோய் மட்டும் மிச்சம். மரபணு விகிதம் குறையப் பல தலைமுறைகள் ஆகும், பிறக்கும் குழந்தை அதுவரை காத்திருக்க முடியாது. இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்துள்ளது. திருமணத்துக்கு முன்பே இருவரும் தம் நிலையை அறிய அதில் வழி உண்டு.